நெட்வொர்க்குகளுக்கு இடையே மின்னஞ்சல்: தரநிலைகளையும் அன்றாட இயக்கத்தையும் ஒருங்கிணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உலகின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் மின்னஞ்சல் போகிறது. ஆனால் அதை நடத்த ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் சர்வரைத் தானே வைத்திருக்கிறது, தன் விதிகளைத் தானே எழுதுகிறது, யாருடைய கடிதத்தை ஏற்பது என்பதைத் தானே முடிவு செய்கிறது. முன்பின் தெரியாத இரண்டு சர்வர்கள் சில நொடிகளில் பேசி முடித்துவிடுகின்றன என்றால், அதற்குப் பின்னால் பல ஆண்டுகளாகப் பலர் உட்கார்ந்து பேசி எட்டிய உடன்பாடுகள் இருக்கின்றன.

இந்த வழிகாட்டி மின்னஞ்சல் சர்வர்களை இயக்குபவர்களுக்கானது: இணையச் சேவை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், அரசு அலுவலகங்கள், ஹோஸ்டிங் நிறுவனங்கள் என யாராக இருந்தாலும் சரி. இரண்டு சர்வர்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தரநிலை சொல்லிவிடும். கடிதத்தில் கையொப்பமிடும் டிஜிட்டல் சாவியை எப்போது மாற்றுவது, சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது, மாற்றத்தை எத்தனை நாள் முன்னால் தெரிவிப்பது என்பதையெல்லாம் இயக்குபவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த வரையில், நெட்வொர்க்குகளுக்கு இடையே மின்னஞ்சல் தடைபடும்போது பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு தரப்பு எதையோ மாற்றியிருக்கும், மறு தரப்புக்கு அது தெரிந்திருக்காது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

படி 1: யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மின்னஞ்சலின் நெறிமுறைகளை எழுதுவது ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு. நெறிமுறை ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 1982-இல் வந்த ஆர்.எஃப்.சி. 821, 822 இரண்டும்தான் அடித்தளம். 2001-இல் அவை 2821, 2822 என்றும், 2008-இல் 5321, 5322 என்றும் திருத்தி எழுதப்பட்டன. எண்களும் குறியீடுகளும் அடங்கிய பதிவேடுகளை ஐ.ஏ.என்.ஏ. பராமரிக்கிறது. டொமைன் பெயர்களின் மேல்மட்டத்தை ஐகான் கவனிக்கிறது. ஐ.பி. முகவரிகளைப் பங்கிடுவது ஐந்து வட்டாரப் பதிவகங்கள்: ஏபிநிக், ஆரின், ரைப் என்.சி.சி., லாக்நிக், ஆஃப்ரிநிக். முறைகேடுகளைத் தடுக்கும் நடைமுறைகளைச் சேவை நிறுவனங்கள் கூடிப் பேசும் இடம் 2004-இல் தொடங்கிய எம்3ஏ.ஏ.டபிள்யூ.ஜி. அதன் உறுப்பினர் கூட்டங்களுக்கு நீங்கள் போகாவிட்டாலும், அது பொதுவில் வெளியிடும் நடைமுறை ஆவணங்களைப் படிக்கலாம்.

இங்கே கொஞ்சம் பழைய கதை உதவும். 1984-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்புகள் எக்ஸ்.400 என்ற வேறொரு மின்னஞ்சல் தரநிலையைக் கொண்டுவந்தன. ஐரோப்பாவின் ஆய்வு நெட்வொர்க்குகள் பலவும் அதைப் பயன்படுத்தின. அதற்கும் இணைய மின்னஞ்சலுக்கும் இடையே, கடிதத்தை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றித் தரும் கேட்வேக்கள் தேவைப்பட்டன. எந்த இணைய டொமைன் எந்த எக்ஸ்.400 முகவரிக்குச் சமம் என்று காட்டும் பொருத்த அட்டவணைகளை எல்லா கேட்வேக்களும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கேட்வேயில் பழைய அட்டவணை இருந்தால் போதும், பதில் கடிதம் வேறெங்கோ போய்விடும். இதைச் சமாளிக்க 1994-இல் ஆர்.எஃப்.சி. 1649 என்று இயக்கத் தேவைகளுக்கென்றே ஓர் ஆவணம் எழுத வேண்டிவந்தது.

இணைய மின்னஞ்சல் வேறு வழியில் போனது. 1986-இல் ஆர்.எஃப்.சி. 974 எம்.எக்ஸ். பதிவை விளக்கியது. என் டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்பதை டி.என்.எஸ். என்ற இணையப் பெயர்ப் பட்டியலில் நானே அறிவிக்கிறேன், யாரும் எனக்காக அட்டவணை சுமக்க வேண்டியதில்லை. பிறகு வந்த எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க், எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ். (இவை என்னவென்று படி 4, 5-இல் வரும்) எல்லாமே இதே வழியில் வந்தவைதான். உங்கள் கொள்கையை இயந்திரம் படிக்கும் வடிவில் உங்கள் டொமைனிலேயே வெளியிட முடியும் என்றால், அதைத் தனிக் கடிதமாக யாருக்கும் எழுதாதீர்கள்.

படி 2: உங்களைத் தொடர்புகொள்ள வழி வையுங்கள்

எல்லோரும் எளிதாக நினைத்துத் தள்ளிப்போடும் படி இது. என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் இதுதான் மிக முக்கியமானது.

மின்னஞ்சல் ஏற்கும் ஒவ்வொரு டொமைனிலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்கிறது ஆர்.எஃப்.சி. 5321. பெரிய எழுத்து, சிறிய எழுத்து எப்படி எழுதினாலும் ஏற்க வேண்டும். 1997-இன் ஆர்.எஃப்.சி. 2142 அதோடு 'அப்யூஸ்' (முறைகேட்டுப் புகார்), 'நாக்' (நெட்வொர்க் இயக்கம்), 'செக்யூரிட்டி' (பாதுகாப்பு) போன்ற பெயர்களையும் சேர்த்தது. இந்தப் பெட்டிகளை உருவாக்குவதோடு வேலை முடியாது. சில விஷயங்களை உறுதி செய்யுங்கள்:

- 'அப்யூஸ்' பெட்டிக்கு வழக்கமான ஸ்பேம் வடிகட்டி வேண்டாம். புகார் அனுப்புபவர் ஸ்பேமின் நகலைத்தானே இணைத்து அனுப்புவார்? வடிகட்டி அதை நிராகரித்தால் புகார் உங்களிடம் வரவே வராது.
- ஒரே ஆளின் தனிப்பட்ட பெட்டிக்குத் திருப்பிவிடாதீர்கள். அவர் விடுப்பில் போனாலோ வேலையை விட்டாலோ நெட்வொர்க்கே ஊமையாகிவிடும்.
- வேறொரு டொமைனில், வேறொரு சர்வரில் ஒரு மாற்று முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் வையுங்கள். உங்கள் மின்னஞ்சலே நின்றுபோன நேரத்தில் அதே மின்னஞ்சலுக்கு எழுதி யாராலும் சொல்ல முடியாது.
- வட்டாரப் பதிவகத்தில் உங்கள் ஐ.பி. தொகுதிக்கான முறைகேட்டுத் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த் தரப்பு முதலில் தேடும் இடம் அதுதான். டொமைன் யாருடையது என்ற விவரங்களுக்கு இப்போது ஹூயிஸ் என்ற பழைய தேடல் முறையை விட ஆர்டாப் என்ற புதிய முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பொது டொமைன்களுக்கு ஹூயிஸ் தர வேண்டும் என்ற ஐகானின் கட்டாயம் 2025 ஜனவரியோடு முடிந்தது.

வெளியிலிருக்கும் ஒரு கணக்கிலிருந்து இந்த முகவரிகளுக்கு அவ்வப்போது ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, யாராவது மனிதர் பதில் எழுதுகிறாரா என்று பாருங்கள்.

படி 3: உங்களிடமிருந்து எது எல்லாம் அனுப்புகிறது என்று பட்டியலிடுங்கள்

உங்கள் டொமைன் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள்? முதன்மை சர்வர், பில் அனுப்பும் மென்பொருள், வெளி நிறுவனத்தின் செய்திமடல் சேவை, ஏதோ ஒரு மாடியில் இருக்கும் ஸ்கேனர். எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு ஐ.பி. முகவரிக்கும் தலைகீழ் டி.என்.எஸ். பெயர் (ஐ.பி.யை வைத்துத் தேடினால் கிடைக்கும் பெயர்) இருக்க வேண்டும், அந்தப் பெயர் மறுபடி அதே ஐ.பி.யைக் காட்ட வேண்டும், சர்வர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் 'ஹெலோ' பெயரும் டி.என்.எஸ்.ஸில் உண்மையாக இருக்க வேண்டும். ஐ.பி.வி6 என்ற புதிய வகை முகவரியிலிருந்து அனுப்பும்போது இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதல்.

பயனர்கள் கடிதம் ஒப்படைப்பது 587 அல்லது 465 போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்), அடையாளச் சரிபார்ப்போடு. சர்வர்கள் தங்களுக்குள் பேசுவது 25-இல். சாதாரண வாடிக்கையாளர் இணைப்புகளிலிருந்து வெளியே 25-ஐ அடைத்துவிடுங்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகளிலிருந்து வரும் ஸ்பேமை அடுத்தவர் வாசலுக்குப் போகாமல் தடுக்க இதைவிட நேரடியான வழி கிடையாது.

படி 4: கொள்கையை டி.என்.எஸ்.ஸில் வெளியிடுங்கள், ஆனால் நிதானமாக

எஸ்.பி.எஃப். (2014, ஆர்.எஃப்.சி. 7208) எந்த ஐ.பி.கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது. இதில் அடிக்கடி தவறும் இடம், 10 டி.என்.எஸ். தேடல்கள் என்ற வரம்பு. ஒவ்வொரு வெளிச் சேவையையும் 'இன்க்லூட்' போட்டுச் சேர்த்துக்கொண்டே போனால், ஒருநாள் அந்தச் சேவைகளில் ஒன்று தன் பதிவை நீட்டிக்கும், உங்கள் எண்ணிக்கை 11 ஆகும், எல்லாக் கடிதத்துக்கும் எஸ்.பி.எஃப். பிழை வரும். நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். அதனால் எண்ணிக்கையைத் தினமும் தானாகச் சோதிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருங்கள்.

டி.கிம் (2011, ஆர்.எஃப்.சி. 6376) கடிதத்தின் மீது இடும் கையொப்பம். ஆர்.எஸ்.ஏ. சாவி 2048 பிட் இருக்கட்டும். சாவியை மாற்றும்போது புதிய செலக்டரை (பொதுச் சாவி எந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சொல்லை) முதலில் டி.என்.எஸ்.ஸில் போடுங்கள், அது பரவியதும் புதிய சாவியால் கையொப்பமிடத் தொடங்குங்கள், பழைய பொதுச் சாவியை உடனே நீக்காதீர்கள். எதிர் சர்வர் ஏற்காத கடிதம் நான்கைந்து நாள் வரை வரிசையில் காத்திருக்கும். பழைய சாவியால் கையொப்பமிட்ட கடிதம் ஐந்தாம் நாளில் போய்ச் சேரும்போது சாவி இல்லையென்றால் சரிபார்ப்பு தோற்கும். ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.

டிமார்க் (2015, ஆர்.எஃப்.சி. 7489) இந்த இரண்டையும் பயனர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியோடு பொருத்துகிறது. இங்கேதான் ஒருங்கிணைப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கான பாடம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர்களின் டொமைனுக்கு 'ரிஜெக்ட்' (சரிபார்ப்பில் தோற்றால் மறுத்துவிடு) கொள்கையை வெளியிட்டது. களவாடப்பட்ட முகவரிப் பட்டியல்களை வைத்து யாஹூ பெயரில் போலிக் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது, யாஹூவின் நோக்கம் புரியக்கூடியதுதான். ஆனால் ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பும் அஞ்சல் குழுக்கள் வழியாகப் போன யாஹூ கடிதங்கள் சரிபார்ப்பில் தோற்றன, ஏனென்றால் குழு மென்பொருள் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே கையொப்பம் உடைந்துவிடும். கொள்கையை மதித்த சர்வர்கள் அவற்றை நிராகரித்தன. நிராகரிப்புகள் கூடியதால், எந்தத் தவறும் செய்யாத மற்ற உறுப்பினர்கள் குழுக்களிலிருந்து தானாக நீக்கப்பட்டார்கள். அதன் பிறகு பல குழு மென்பொருள்கள் 'ஃப்ரம்' முகவரியையே மாற்றி எழுதத் தொடங்கின. இடைப்பட்ட சர்வர்களின் சரிபார்ப்பு முடிவைக் கடத்த ஆர்க் என்ற சோதனை நெறிமுறை 2019-இல் வந்தது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 'நன்' (எதையும் தடுக்காதே) கொள்கையோடு தொடங்கி, தினசரித் தொகுப்பு அறிக்கைகளை வாங்குங்கள். அறிக்கைகளை வேறொரு டொமைனில் வாங்குவதாக இருந்தால், அந்த டொமைன் அதற்கு அனுமதிப் பதிவு வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள். அறிக்கையில் உங்களுடையது என்று தெரிந்தும் தோற்கும் மூலங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். அப்புறம் 'குவாரண்டைன்' (சந்தேகக் கடிதமாக ஒதுக்கு), அதன் பின் 'ரிஜெக்ட்'. மனிதர்கள் பயன்படுத்தும் டொமைனையும், தானியங்கி அறிவிப்புகள் அனுப்பும் துணை டொமைனையும் பிரித்துவிட்டால், இரண்டாவதை விரைவாக 'ரிஜெக்ட்' வரை கொண்டுபோகலாம். முதலாவதற்குப் பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரநிலையில் விருப்பமாக இருப்பதைப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து கட்டாயமாக்க முடியும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கின. ஜிமெயிலின் கணக்கில் மொத்தமாக அனுப்புபவர் என்றால் நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் சேவையும் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. எந்த ஆர்.எஃப்.சி.யிலும் இந்த எண்கள் இல்லை. அதனால் தரநிலைகளை மட்டும் படித்தால் போதாது, நீங்கள் அதிகம் அனுப்பும் நெட்வொர்க்குகளின் அனுப்புநர் விதிப் பக்கங்களையும் காலாண்டுக்கு ஒருமுறை படியுங்கள்.

படி 5: வழியில் மறையாக்கம்

சர்வர்களுக்கு இடையிலான பேச்சை மறையாக்கும் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். (2002, ஆர்.எஃப்.சி. 3207) இருந்தாலும், நடுவில் இருப்பவர் அந்த அறிவிப்பையே அழித்துவிட்டால் இரு சர்வர்களும் வெறும் உரையில் பேசிவிடும். இதைத் தடுக்க, மறையாக்கம் வேண்டும் என்று பெறும் டொமைனே அறிவிக்கும் இரண்டு வழிகள். டி.என்.எஸ்.செக் (டி.என்.எஸ். பதில்களுக்கான கையொப்பம்) இருக்கும் டொமைன்களுக்கு டேன் (2015, ஆர்.எஃப்.சி. 7672), இல்லாதவர்களுக்கு எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ். (2018, ஆர்.எஃப்.சி. 8461). இரண்டையும் சேர்த்தே வைக்கலாம்.

இரண்டிலும் மாற்றத்தின் வரிசைதான் உயிர். டேனில் சான்றிதழின் சாவியை மாற்றுவதற்கு முன்பே புதிய சாவியைக் குறிக்கும் டி.எல்.எஸ்.ஏ. பதிவைப் பழையதோடு சேர்த்து வெளியிட்டு, டி.டி.எல். காலத்தை (ஒரு பதிவைப் பிறர் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை)ப் போல இரு மடங்கு காத்திருங்கள். எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ்.ஸில் புதிய எம்.எக்ஸ். சர்வரைச் சேர்ப்பதாக இருந்தால், முதலில் கொள்கைக் கோப்பில் பெயரைச் சேர்த்து, டி.என்.எஸ்.ஸில் அடையாள எண்ணை மாற்றி, அதன் பிறகே எம்.எக்ஸ். பதிவைத் தொடுங்கள். வரிசை மாறினால், விதியை மதிக்கும் நல்ல சர்வர்கள்தான் உங்களுக்குக் கடிதம் தர முடியாமல் நிற்கும். தொடக்கத்தில் 'டெஸ்டிங்' நிலையில் வைத்து, டி.எல்.எஸ். அறிக்கைகளை (ஆர்.எஃப்.சி. 8460) வாங்கிப் பார்த்து, தோல்வி இல்லையென்று தெரிந்ததும் 'என்ஃபோர்ஸ்' நிலைக்குப் போங்கள்.

படி 6: பிழைக் குறியீட்டை அடுத்தவருக்கு எழுதும் கடிதமாக நினையுங்கள்

உங்கள் சர்வர் ஒரு கடிதத்தை மறுக்கும்போது சொல்லும் அந்த ஒற்றை வரிதான், எதிர்த் தரப்பில் சர்வரை இயக்குபவருக்கு உங்களிடமிருந்து கிடைக்கும் ஒரே தகவல். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், மறுபடி முயலலாம். 5-இல் தொடங்கினால் நிரந்தரம், முயலாதே. உங்கள் டி.என்.எஸ். தற்காலிகமாகப் படுத்திருக்கும்போது 550 என்று சொன்னால், முயன்றிருந்தால் வந்திருக்கும் கடிதங்களையும் இழந்துவிடுவீர்கள். மாறாக, இல்லாத பயனருக்கு 450 சொன்னால் அடுத்தவரின் வரிசை நாள்கணக்கில் நிரம்பும்.

விரிவாக்கிய குறியீடுகளைப் பயன்படுத்துங்கள். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டி இல்லை. 5.7.23 என்றால் எஸ்.பி.எஃப். தோல்வி, 5.7.25 தலைகீழ் டி.என்.எஸ். தோல்வி, 5.7.26 பல சரிபார்ப்புகள் தோல்வி. வெறுமனே "கொள்கை காரணமாக மறுப்பு" என்று எழுதினால் எதிரில் இருப்பவர் எதைச் சரிசெய்வார்? காரணத்தையும் விளக்கப் பக்கத்தின் முகவரியையும் அந்த வரியிலேயே கொடுங்கள்.

மறுமுயற்சிக்கு ஆர்.எஃப்.சி. 5321 பரிந்துரைப்பது குறைந்தது 30 நிமிட இடைவெளி, கைவிடுவதற்கு முன் குறைந்தது 4 முதல் 5 நாள். ஸ்பேமைக் குறைக்கக் கிரேலிஸ்டிங் செய்பவர்கள் இதை நம்பித்தான் முதல் முயற்சியைத் தற்காலிகமாக மறுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் கைவிடும் சர்வர் தன் பயனர்களுக்குத்தான் துரோகம் செய்கிறது.

மறுப்பதாக இருந்தால் இணைப்பு திறந்திருக்கும்போதே மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டு பிறகு பவுன்ஸ் (சேரவில்லை என்ற அறிவிப்பு) அனுப்பினால், ஸ்பேமில் போலியாகப் போட்ட முகவரிக்காரருக்கு அது போய்ச் சேரும். பவுன்ஸ் கடிதங்களை எப்போதும் வெற்று அனுப்புநர் முகவரியோடு அனுப்புங்கள், அதேபோல் வெற்று அனுப்புநரோடு வருவதை மொத்தமாகத் தடுக்காதீர்கள்.

படி 7: சிக்கல் வரும்போது எப்படிப் பேசுவது

"உங்களுக்கு மெயில் போகவில்லை, பாருங்கள்" என்று ஒரு வரியும் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினால், நல்ல மனது உள்ளவராலும் உதவ முடியாது. அவர் லாக்கில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) தேடுவதற்கு வேண்டியதைக் கொடுங்கள். ஒரு மாதிரி:

"வணக்கம். எங்கள் சர்வர் 192.0.2.25-இலிருந்து உங்கள் சர்வர் 198.51.100.7-க்கு இன்று 06:10 யு.டி.சி. முதல் அனுப்பும் கடிதங்கள் மறுக்கப்படுகின்றன. உங்கள் சர்வரின் முழுப் பதிலைக் கீழே அப்படியே கொடுத்திருக்கிறோம். மூன்று எடுத்துக்காட்டுகளின் நேரம், உறை அனுப்புநர், பெறுநர் டொமைன், மெசேஜ்-ஐடி ஆகியவை இணைப்பில் உள்ளன. எங்கள் தரப்பில் நேற்று 22:00 யு.டி.சி.க்கு டி.கிம் செலக்டர் மாற்றினோம், வேறு மாற்றம் இல்லை. இந்த முகவரியில் நாள் முழுவதும் ஆள் இருப்பார்."

நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுவது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஐந்து மணி நேர வித்தியாசத்தில் தவறான லாக்கைத் தேடி ஒரு நாளே போய்விடும். சர்வர் கடிகாரங்களை என்.டி.பி. என்ற நேர நெறிமுறையோடு ஒத்திசைத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். உங்கள் பக்கம் செய்த மாற்றத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். பயனரின் கடிதத்தின் உள்ளடக்கத்தை அனுப்ப வேண்டாம், ஹெடர்கள் போதும்.

முறைகேட்டுப் புகார்களுக்கு ஏ.ஆர்.எஃப். (2010, ஆர்.எஃப்.சி. 5965) என்ற இயந்திர வடிவம் இருக்கிறது. பெரிய சேவைகள் பல, பயனர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தும்போது அந்த வடிவில் திருப்பி அனுப்புகின்றன. பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பேம் அனுப்பும் ஐ.பி.களைத் தொகுத்து டி.என்.எஸ். வழியாகத் தரும் தடைப்பட்டியல்களைப் பயன்படுத்துபவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது என்பது இப்பட்டியல்களின் சோதனை மரபு (ஆர்.எஃப்.சி. 5782). இந்த இரண்டையும் தானாகச் சோதித்துக்கொண்டே இருங்கள். கைவிடப்பட்ட பட்டியலின் டொமைன் வேறு கைக்குப் போய் எல்லா ஐ.பி.க்கும் "ஆம்" என்று பதில் சொல்லத் தொடங்கினால், உங்கள் சர்வர் உலகத்தையே மறுக்கும். அதேபோல் ஸ்பேம்ஹவுஸ் என்ற தடைப்பட்டியலை ஒரு பொது டி.என்.எஸ். சேவை வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்ற பதில் வரும். அது பிழை அறிவிப்பு, "பட்டியலில் இருக்கிறார்" என்று பொருள் கொள்ளக் கூடாது.

படி 8: எல்லா மொழிகளுக்கும் இடம்

2012-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6530 முதல் 6533 வரையிலான தொகுப்பு, முகவரியையே தமிழிலோ அரபியிலோ சீனத்திலோ எழுத வழி செய்தது. ஜிமெயில் 2014-இலும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் 2015-இலும் ஆதரவைக் கொண்டுவந்தன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இது பரவலாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். காரணம் தொழில்நுட்பம் இல்லை, ஒருங்கிணைப்புதான்.

டொமைன் பகுதியை 'எக்ஸ்.என்.' என்று தொடங்கும் வடிவத்துக்கு மாற்றி எந்தப் பழைய சர்வருக்கும் அனுப்பிவிடலாம். ஆனால் @ குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை அப்படி மாற்றக் கூடாது. அந்தப் பகுதிக்குப் பொருள் சொல்லும் உரிமை பெறும் சர்வருக்கு மட்டுமே உண்டு. முந்தைய சோதனைப் பதிப்பில் வழியில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது, அது சிக்கலைத்தான் கூட்டியது, 2012-இல் கைவிட்டார்கள். ஆகவே அனுப்பும் சர்வர், ஸ்பேம் கேட்வே, காப்பு எம்.எக்ஸ். (முதன்மை சர்வர் நின்றால் கடிதத்தை ஏற்பது), கடைசிப் பெட்டி என்று வழியில் உள்ள ஒவ்வொன்றும் எஸ்.எம்.டி.பி.-யு.டி.எஃப்.8 என்ற, இத்தகைய முகவரிகளை ஏற்கும் வசதியை அறிவிக்க வேண்டும். ஒன்று அறிவிக்காவிட்டாலும் கடிதம் 5.6.7 குறியீட்டோடு திரும்பும். எனவே முதன்மை எம்.எக்ஸ்.ஸை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். காப்பு எம்.எக்ஸ்.தான் வழக்கமாக மறந்துபோகும் இடம்.

தமிழ் முகவரி தருபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 'கோமதி' என்ற பெயரில் 'கோ' என்பதை இரண்டு விதமாக யூனிகோடில் எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். கணக்கு உருவாக்கும்போதும், உள்நுழையும்போதும், கடிதம் வந்து சேரும்போதும் மூன்று இடத்திலும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒருவரது கடிதம் "அப்படிப் பெட்டி இல்லை" என்று திரும்பும், காரணத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு வடிவத்தையும் இரண்டு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம்.

ஒவ்வொரு தமிழ் முகவரிக்கும் இணையாக ஆஸ்கி (சாதாரண ஆங்கில) எழுத்தில் ஒரு மாற்று முகவரியும் கொடுங்கள், இரண்டும் ஒரே பெட்டிக்கு வரட்டும். லாக் தேடும் கருவிகள், உதவி மையத்தின் மென்பொருள், இணையப் படிவங்கள் எல்லாம் யு.டி.எஃப்.8 முகவரியை ஏற்கின்றனவா என்று பாருங்கள். ஐகான் ஆதரவோடு 2015-இல் அமைந்த யு.ஏ.எஸ்.ஜி. குழு இதற்கான சோதனைப் பொருள்களை வெளியிட்டிருக்கிறது.

படி 9: மாற்றங்களைத் திட்டமிடுங்கள்

சர்வரையோ ஐ.பி.யையோ மாற்றும் முன், சில நாள்களுக்கு முன்னதாக டி.டி.எல்.லை 300 நொடி அளவுக்குக் குறையுங்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை ஒரு வாரம் ஏற்கும் நிலையில் வையுங்கள். புதிய ஐ.பி.யிலிருந்து முதல் நாளே முழு அளவை அனுப்பாமல் படிப்படியாகக் கூட்டுங்கள், நற்பெயர் இல்லாத ஐ.பி.யிலிருந்து திடீரென்று வரும் வெள்ளத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் அதிகம் பரிமாறும் நெட்வொர்க்குகளுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். தேதி குறிக்கும்போது எதிர்த் தரப்பின் விடுமுறையையும் பாருங்கள். சில நாடுகளில் வார இறுதி என்பது வெள்ளியும் சனியும்.

பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு இது இன்னும் கடினம். 2023 டிசம்பரில் எஸ்.எம்.டி.பி. ஸ்மக்ளிங் என்ற தாக்குதல் முறை வெளியானது. கடிதத்தின் முடிவைக் குறிக்கும் வரி முறிவை வெவ்வேறு சர்வர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்வதைப் பயன்படுத்தி, ஒரு கடிதத்துக்குள் இன்னொரு போலிக் கடிதத்தை ஒளித்து அனுப்பும் முறை அது. பொறுத்துப் போவோம் என்று தரநிலைக்கு மாறான வரி முறிவுகளைப் பல மென்பொருள்கள் ஏற்று வந்ததுதான் வேர். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், சென்ட்மெயில் மூன்றும் பாதிக்கப்பட்டன. விவரங்கள் ஆண்டிறுதி விடுமுறைக்குச் சற்று முன் வெளியானதால் உலகெங்கும் இயக்குபவர்கள் அவசரமாக அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால், சர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அவசர மையம் ஒன்றின் வழியாகப் போங்கள். எந்தெந்த மென்பொருள்கள் பாதிக்கப்படும் என்ற பட்டியலைப் போட்டு, எல்லோரிடமும் ஒப்புக்கொண்ட ஒரே தேதியில் வெளியிடுங்கள்.

படி 10: உங்கள் அனுபவத்தைத் தரநிலைக்குக் கொண்டுபோங்கள்

ஐ.இ.டி.எஃப்.பில் சேர உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள் நடந்தாலும் முடிவுகள் அஞ்சல் குழுவில்தான் உறுதியாகின்றன, ஆகவே பயணம் செய்ய முடியாதவருக்கும் அதே குரல் உண்டு. 5321, 5322 இரண்டையும் திருத்துவதற்கென்றே எமெயில்கோர் என்ற பணிக்குழு அமைந்தது. அங்கே நெறிமுறை வல்லுநர்கள் நிறையப் பேர். தினமும் லட்சக்கணக்கில் கடித வரிசையைப் பார்க்கும் சர்வர் இயக்குபவர்கள் குறைவு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நெட்வொர்க்குகளிலிருந்து வருபவர்கள் அதைவிடக் குறைவு. உங்கள் லாக்கிலிருந்து ஒரு எண்ணிக்கை, எந்த ஊகத்தைவிடவும் அங்கே எடுபடும்.

சின்னதில் தொடங்கலாம். ஆர்.எஃப்.சி.யில் பிழை கண்டால் எர்ராட்டாவாக (பிழைத்திருத்தக் குறிப்பாக) பதிவு செய்யுங்கள். புதிய பிழைக் குறியீடோ ஹெடரோ தேவைப்பட்டால், தன்னிச்சையாக 'எக்ஸ்-' என்று தொடங்கும் பெயரை வைக்காமல் (2012-இன் ஆர்.எஃப்.சி. 6648 அந்த வழக்கத்தை வேண்டாம் என்கிறது) ஐ.ஏ.என்.ஏ. பதிவேட்டில் சேர்க்கக் கேளுங்கள். பெரிய மாற்றம் என்றால் இன்டர்நெட்-டிராஃப்ட் என்ற வரைவு ஆவணம் எழுதுங்கள். அதற்கு முன் இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் செய்துகாட்டி, குறைந்தது இரண்டு நெட்வொர்க்குகளுக்கு இடையே ஓட்டிப் பார்த்திருந்தால் விவாதம் நல்ல நிலையில் தொடங்கும். ஒரு டிராஃப்ட் ஆறு மாதத்தில் காலாவதியாகும். பதிவேற்றிய அன்றே அந்தத் தேதியைக் குறித்து வைத்து, வந்த கருத்துகளைச் சேர்த்து அதற்குள் அடுத்த பதிப்பை ஏற்றிவிடுங்கள்.